வேர் தண்ணீரைத் தேடிப் போகுமா? இளம்பயிரும் மண்ணின் ஈரமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பயிர்ச் செய்தி இரண்டு விதமாக வரும். கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கமிருந்து ‘மழை பொய்த்தது, முளைத்த மக்காச்சோளம் கருகுகிறது’ என்று ஒன்று. பத்து நாள் போனால் அதே ஊர்களிலிருந்து ‘மழைநீர் தேங்கி உளுந்தும் பாசியும் அழுகுகின்றன’ என்று இன்னொன்று. ஊருக்கு வெளியே இருந்து வாசிக்கிறவருக்கு இது புரியாத கணக்காகத்தான் தெரியும்.

உள்ளூரில் இருப்பவருக்கும் குழப்பம் உண்டு. ஓடைக்கு இந்தப் பக்கம் கரிசல் காட்டில், அதாவது கறுப்புக் களிமண் புஞ்சையில், நாற்று சுருண்டு கிடக்கும். அந்தப் பக்கம் மணற்பாங்கான செம்மண்ணான செவல் காட்டில், அதே நாளில் விதைத்த அதே விதை நிமிர்ந்து நிற்கும். இரண்டு காட்டிலும் பெய்தது ஒரே மழை. இன்னொரு இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்; அதற்குள்ளேயே செடி தண்ணீர் இல்லாததுபோல் வாடித் தொங்கும்.

இவற்றுக்கெல்லாம் விடை தரைக்கு மேலே இல்லை. முளைத்த முதல் 25, 30 நாட்களில் வேர் எங்கே இருந்தது, அது இருந்த இடத்தில் ஈரமும் காற்றும் எவ்வளவு இருந்தன என்பதில் இருக்கிறது. இதைப் பற்றி ஊரெங்கும் வழங்கும் ஒரு நம்பிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: “கொஞ்சம் காயப் போடு, வேரு தண்ணியத் தேடிக் கீழ போகும்.” இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நம்பித்தான் பல காடுகள் கருகுகின்றன.

ஈரத்தின் படிகள்

‘மண்ணில் ஈரம் இருக்கிறது’ என்பது மட்டும் போதாது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை வைத்து மண்ணியலில் சில படிகள் சொல்வார்கள்.

1. நிறை ஈரம்: எல்லாச் சந்திலும் தண்ணீர், காற்றுக்கு இடமே இல்லை. பெருமழை ஓய்ந்த உடனே இருக்கும் நிலை.

2. வயல் கொள்திறன்: பெரிய சந்துகளிலிருந்த தண்ணீர் கீழே வடிந்து, சிறிய சந்துகளில் மட்டும் நிற்கும் நிலை. மணற்பாங்கான நிலத்தில் ஒரு நாளில் வந்துவிடும். களிமண்ணில் மூன்று நாளும் ஆகலாம். வேருக்குத் தண்ணீரும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் நேரம் இதுதான். உழவர் ‘பதம்’ என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

3. நிரந்தர வாடல் நிலை: தண்ணீர் இருக்கும், ஆனால் மண் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். வேர் ஏறக்குறைய 15 பார் அளவுக்கு இழுத்தாலும் வராது. கார் சக்கரத்தில் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்பதை நினைத்தால் அந்தப் பிடியின் வலு தெரியும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் உள்ளதே பயிருக்குக் கிடைக்கும் ஈரம். கரிசலை வாடல் நிலையில் அள்ளிப் பார்த்தாலும் கைக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதை நம்பி ‘ஈரம் இருக்கு’ என்று விட்டுவிடுவதுண்டு. அந்த ஈரம் மண்ணுக்குச் சொந்தம், செடிக்கு இல்லை.

வேர் நீளுவது எப்படி

வேர் அடியிலிருந்து தள்ளப்பட்டு நீளுவதில்லை, நுனியில்தான் நீளுகிறது. நுனியில் ஒரு குல்லாய், அதன் பின்னே செல்கள் பிரியும் இடம், அதன் பின்னே அவை நீளும் இடம். எல்லாம் சேர்த்து ஒரு செண்டிமீட்டர் அளவுதான். அங்கேயுள்ள செல்கள் தண்ணீரை உறிஞ்சி உள்ளழுத்தத்தால் விறைத்து, தங்கள் சுவரைத் தாங்களே இழுத்து நீட்டிக்கொள்கின்றன. செல்லுக்குள் தண்ணீர் புகவில்லை என்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லை என்றால் நீட்டம் இல்லை. நீளும் பகுதிக்குப் பின்னால் வேர்த்தூவிகள். இளஞ்செடியை மண்ணோடு தோண்டி எடுத்து லேசாக உதறினால், அந்தப் பகுதியில் மட்டும் மண் உறைபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். நுனி ஒரு விரற்கடை வெள்ளையாக, மண் ஒட்டாமல் இருக்கும். அந்த வெள்ளைதான் ஓடிக்கொண்டிருக்கும் வேரின் அடையாளம்.

ஈரம் குறையும்போது இலையும் வேரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 1980களின் இறுதியில் கலிபோர்னியாவில் மக்காச்சோள நாற்றுகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. ஈரத்தின் பிடி 8 பார் அளவை எட்டும்போது தண்டின் வளர்ச்சி நின்றுபோனது. முதல் வேரோ, 16 பார் அளவிலும் வேகம் குறைந்து, மெலிந்து, ஆனாலும் நீண்டுகொண்டிருந்தது. நுனியை ஒட்டிய சில மில்லிமீட்டர் பகுதி, நல்ல ஈரத்தில் நீளும் அதே வேகத்தில் நீண்டது. புரோலின் போன்ற கரைபொருள்களைச் செல்லுக்குள் சேர்த்துக்கொண்டு தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பது அதற்கு ஒரு வழி. அப்சிசிக் அமிலம் என்ற இயக்குநீரும் இதில் பங்கெடுக்கிறது.

காயப்போட்டால் வேர் நன்றாக வளரும் என்ற நம்பிக்கையின் உண்மையான பாதி இதுதான். இலை நின்றுபோக வேர் ஓடுவதால், செடியின் மொத்த எடையில் வேரின் பங்கு கூடுகிறது. பங்கு கூடுவது வேறு, வேர் கூடுவது வேறு. பல நேரம் வேரும் முன்பைவிடக் குறைவாகத்தான் வளர்ந்திருக்கும். இலை அதைவிட மோசமாகக் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

தேடிப் போவதில்லை

இனி அந்த மற்றப் பாதி. வேர் கீழே இறங்குவதற்கு முதல் காரணம் புவியீர்ப்பு. நுனிக் குல்லாயிலுள்ள மாவுமணிகள் கீழ்நோக்கிப் படிந்து திசையைச் சொல்கின்றன. ஈரம் இருக்கும் பக்கம் வேர் வளையும் குணமும் உண்டுதான். ஆனால் அது நுனியின் இரு பக்கத்துக்கும் இடையே ஈர வேறுபாடு இருந்தால் மட்டும் நடப்பது. ஒரு சாண் காய்ந்த மண்ணுக்குக் கீழே ஈரம் இருப்பதை வேர் மோப்பம் பிடித்துவிடாது. நடுவில் காய்ந்த அடுக்கு இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

அதனால் சொல்லைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்: வேர் ஈரத்தைத் தேடிப் போவதில்லை, ஈரத்தின் வழியாகவே போகிறது. மேல்மண் காய்ந்து, அடியில் ஈரம் தொடர்ச்சியாக இருந்தால் காயப்போடுவது பலன் தரும். அடியிலும் ஈரம் இல்லாத நிலத்தில் காயப்போடுவது பட்டினி போடுவதுதான்.

கிளை வேர்களும் இப்படியே. வேரின் ஒரு பக்கம் ஈர மண்ணிலும் மறுபக்கம் காற்றிடத்திலும் இருந்தால், ஈரப் பக்கத்தில் மட்டுமே கிளை விடும் என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கரிசலில் இதற்கு ஆய்வகம் தேவையில்லை. வெடிப்பு விட்ட காட்டில் ஒரு செடியின் பக்கத்து மண்கட்டியைப் பெயர்த்துப் பார்த்தால், வெடிப்பின் ஓரமாக இறங்கிய வேர் சீப்புப் பல்போல ஒரு பக்கம் மட்டுமே கிளைத்திருப்பதைப் பார்க்கலாம். மறுபக்கம் மொழுமொழுவென்று கிடக்கும்.

காய்ந்த மண்ணில் இன்னொரு தடை, கடினம். வேர் நுனி தள்ளும் அழுத்தம் அதிகம் போனால் 10 பார். கூம்புமுனைக் கம்பியை மண்ணில் இறக்கி அளக்கும் கருவியில் 20 பாருக்கு மேல் காட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் ஏறக்குறைய நின்றுவிடும். ஈரமாக இருக்கும்போது வெண்ணெய்போல வழிவிடும் கரிசலோ வண்டலோ, காய்ந்ததும் இந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டும். பல நேரங்களில் இளவேரை நிறுத்துவது தாகம் அல்ல, இந்தச் சுவர்.

ஓர் அங்குல மழை இரண்டு காட்டில்

ஓடைக்கு இரு பக்கமும் நடந்ததை இப்போது கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்து கிடக்கும் நிலத்தில் 25 மி.மீ., அதாவது ஓர் அங்குலம் மழை பெய்கிறது என்று வைப்போம். கீழேயுள்ள விழுக்காடுகள் அந்தந்த மண் வகைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள். காட்டுக்குக் காடு மாறும்.

1. மணற்பாங்கான செவல்: காய்ந்த நிலையில் கொள்ளளவில் 2 விழுக்காடு தண்ணீர், வயல் கொள்திறனில் 10. இடைவெளி 8 விழுக்காடு. 25 மி.மீ. மழை சுமார் 30 செ.மீ. ஆழம் வரை நனைக்கும்.

2. கரிசல்: காய்ந்த நிலையிலேயே 15 விழுக்காடு, வயல் கொள்திறனில் 40. இடைவெளி 25 விழுக்காடு. அதே மழை 10 செ.மீ. ஆழத்தோடு நின்றுவிடும்.

3. பயிருக்குக் கிடைப்பது: செவலில் வாடல் நிலை 4 விழுக்காடு என்றால், 30 செ.மீ. ஆழத்தில் 18 மி.மீ. கரிசலில் வாடல் நிலை 24 என்றால், 10 செ.மீ. ஆழத்தில் 16 மி.மீ.

அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். இருக்கும் இடம்தான் வேறு. வெயில் முதலில் உறிஞ்சுவது மேலேயுள்ள 10, 15 செ.மீ. மண்ணின் ஈரத்தை. ஈரத் தரையிலிருந்து நாளொன்றுக்கு 4, 5 மி.மீ. வரை ஆவியாகிவிடும். கரிசலுக்குக் கிடைத்த ஈரம் மொத்தமும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. சில நாளில் போய்விடும். செவலில் பாதியாவது அதற்குக் கீழே ஒளிந்திருக்கிறது. மேல்மணல் காய்ந்து உலர்ந்த போர்வையாகிவிடுவதால் அடியீரம் மேலேறவும் வழி குறைவு. சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத் தேரி மணலில் காலால் ஒரு சாண் தள்ளினால் ஈரம் தட்டுப்படுவது இதனால்தான்.

சிறு மழையில் செவல் ஜெயிக்கிறது. 100, 150 மி.மீ. பெய்து, வெடிப்பெல்லாம் குடித்து, அடிவரை நனைந்துவிட்டால் கணக்கு தலைகீழ். ஒரு மீட்டர் ஆழக் கரிசல் 150 மி.மீ.க்கு மேல் பயிருக்குச் சேமித்து வைக்கும். மணல் அதில் பாதியைக்கூடப் பிடிக்காது. பருத்தியும் சோளமும் தை மாதப் பனியில் மழையே இல்லாமல் விளைவது அந்தச் சேமிப்பில்தான். கரிசலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அது மொத்த வியாபாரி, சில்லறைக்கு ஆகாது.

காயும் கோடும் வேர் நுனியும்

மழை விட்டதும் மண்ணுக்குள் ஒரு பந்தயம் தொடங்குகிறது. மேலிருந்து காய்ந்துகொண்டே ஒரு கோடு இறங்குகிறது. வேர் நுனியும் இறங்குகிறது. நல்ல ஈரத்தில் மக்காச்சோளத்தின் முதல் வேர் நாளொன்றுக்கு 2, 3 செ.மீ. இறங்கும். நனைந்த ஆழம் அதற்கு இடம் கொடுத்தால் வேர் முந்திவிடும். நனைந்தது 10 செ.மீ. மட்டும் என்றால், நாலைந்து நாளில் வேர் காய்ந்த அடிமண்ணில் முட்டி நிற்கும். மேலிருந்து காய்ச்சல் வந்து சேரும்.

புரட்டாசியில் கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் பழக்கத்தை இந்தப் பந்தயத்தோடு சேர்த்துப் பார்த்தால், விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடச் சொல்வதன் காரணம் விளங்கும். தூறல் விதையைத் தொடக் கூடாது. 20, 25 மி.மீ. பெய்து அந்த ஆழம் நனைந்தால்தான் முளைக்க வேண்டும். மேலாக விதைத்தால் முதல் தூறலிலேயே விதை ஏமாந்து முளைத்துவிடும்.

தானியப் பயிர்களில் இன்னொரு இக்கட்டு உண்டு. இது அதிகம் பேசப்படுவதில்லை. மக்காச்சோளம், சோளம், கம்பு ஆகியவற்றுக்கு வேர்த் தொகுதி இரண்டு. விதையிலிருந்து இறங்கும் வேர் முதல் இரண்டு, மூன்று வாரம் தாங்கும். பிறகு தண்டின் அடிக்கணுக்களிலிருந்து கிளம்பும் கணுவேர்கள் பொறுப்பை ஏற்க வேண்டும். மக்காச்சோள விதையை எவ்வளவு ஆழத்தில் போட்டாலும், இந்தக் கணுக்கள் அமைவது தரைக்குக் கீழே சுமார் 2 செ.மீ.யில். காட்டிலேயே முதலில் காயும் இடம் அதுதான். அங்கே கிளம்பும் கணுவேரின் நுனி காய்ந்த புழுதியில் பட்டால் அரை அங்குலத்தோடு கருகிக் கட்டையாகிவிடும். அடியில் ஈரம் இருக்கிறது, விதைவேர் அதைக் குடிக்கிறது, இலை பச்சையாகவும் இருக்கிறது. ஆனால் செடி ஒற்றை நூலில் தொங்குகிறது. ஆறு இலை விட்ட செடி காற்றடித்தால் சாய்ந்துவிடும். பூச்சி வெட்டியது என்று மருந்து அடிப்பார்கள். தோண்டிப் பார்த்தால் தண்டடியில் கரிந்த முளைகள் வட்டமாக நிற்கும். அடுத்த மழை வந்ததும் ஈர மண்ணை இழுத்துத் தண்டோடு அணைத்தால், மேற்கணுவிலிருந்து புதிய வேர் பிடிக்கும். மண் அணைப்பது வெறும் களை வேலை அல்ல.

தண்ணீரில் நின்று வாடுவது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். அவ்வளவு வேண்டாம். தாழ்ந்த கரிசல் காட்டில் ஒரு நல்ல மழை மூன்று நாள் வடியாமல் நின்றாலே இளம் உளுந்து மஞ்சளாகிவிடும்.

வேரும் மூச்சு விடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். நிறை ஈர மண்ணில் இருக்கும் கொஞ்சத்தையும் வேரும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன்பின் ஒவ்வொன்றாக நடப்பது:

1. காற்றில்லாமல் சர்க்கரையை எரிக்கும்போது கிடைக்கும் ஆற்றல் சுமார் பதினைந்தில் ஒரு பங்காகிறது. முதலில் நிற்பது வேர் நுனியின் ஓட்டம்.

2. வேர்ச் செல்களுக்குள் அமிலம் ஏற, தண்ணீர் நுழையும் நுண்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் தண்ணீர், உள்ளே போக வழியில்லை. அடுத்து வெயில் அடித்ததும் இலை வாடுகிறது. இந்த வாட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களும் உண்டு.

3. பயறு வகையில் வேர்முடிச்சுகளும் மூச்சுத் திணறுவதால் தழைச்சத்து வரவு நின்று, இலை மஞ்சளாகிறது.

4. தண்ணீர் வடிந்தபின் செடி பிழைத்தாலும் ஆணிவேரின் அடிப்பகுதி செத்திருக்கும். மிஞ்சியது மேலேயுள்ள ஒரு பிடி வேர். பத்து நாள் வெயில் அடித்தால், பக்கத்துச் செடிகள் தாங்கும் காய்ச்சலை இது தாங்காது.

‘காய்ந்தது’ செய்தியும் ‘அழுகியது’ செய்தியும் ஒரே காட்டிலிருந்து வருவது இந்த நாலாவது புள்ளியால்தான். மண்ணில் காற்றிடம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலான புஞ்சைப் பயிர்களுக்குச் சிக்கல். கரிசலுக்கு ஆழச்சால் அகலப்பாத்தி எடுக்கச் சொல்வது சாலில் தண்ணீர் சேர்க்க மட்டுமல்ல, பாத்தியில் காற்றுச் சேர்க்கவும்தான்.

நஞ்சையில் வேறு கதை

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் மட்டும் தப்பிக்கிறது. அதன் வேருக்குள் காற்றுக் குழல்கள் உண்டு. இலையிலிருந்து ஆக்சிஜன் நுனிவரை இறங்கும். அதற்கும் எல்லை இருக்கிறது. தேங்கிய தண்ணீர் மாறாமலே கிடக்கும் சேற்றில் வேர் கறுத்து, பிடுங்கினால் அழுகின முட்டை வாடை அடிக்கும். நீர் மறைய நீர் கட்டுவதன் பலன் தண்ணீர் மிச்சம் மட்டுமல்ல. சேறு மூச்சு விட்டு வெள்ளை வேர் புதிதாக வரும். துளையிட்ட குழாயைப் பதித்து, தண்ணீர் தரைக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி கட்டுவது நெல்லுக்குப் பாதுகாப்பான அளவு. நட்டு வேர் பிடிக்கும் முதல் பத்து நாளுக்கும் பூக்கும் காலத்துக்கும் இது ஆகாது.

பிசானம் என்னும் மழைக்கால நெல் போகத்தை அறுக்கும் முன் நெல்லுக்குள் உளுந்து வீசுவதில் மேலே சொன்ன எல்லாமே ஒன்றாக வரும். மெழுகுபதத்தில் வீச வேண்டும் என்பார்கள்: கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் ஊறக் கூடாது. அதைவிட ஈரமென்றால் விதை மூச்சின்றி அழுகும். காய்ந்துவிட்டால், சேற்றுழவால் 15, 20 செ.மீ. ஆழத்தில் இறுகிக் கிடக்கும் தளத்தை ஆணிவேர் தாண்ட முடியாது. அந்தத் தளம் ஈரமாக, இளக்கமாக இருக்கும் இரண்டு வாரத்துக்குள் வேர் அதைக் கடந்துவிட வேண்டும். கடந்த செடிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. கடக்காத செடி மாசி வெயிலில் மூன்று காய் பிடித்து நின்றுவிடும்.

சொட்டுநீரும் சோம்பல் வேரும்

கிணற்றுப் பாசனத்தில் தவறு வேறு மாதிரி. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் நாற்று நட்டதிலிருந்து தினமும் இருபது நிமிடம் சொட்டுநீர் விடுகிறவர்கள் உண்டு. ஈரம் ஒரு சாணுக்குக் கீழே இறங்குவதே இல்லை. வேர் தேங்காய் அளவுப் பந்தாகச் சுருண்டுவிடும். மோட்டார் பழுதாகி இரண்டு நாள் நின்றால் தக்காளி தலை தொங்கிவிடும்.

நட்டதும் ஒருமுறை ஓரடி ஆழம் நனைய விட்டு, நாற்று பிடித்தபின் இடைவெளியைக் கூட்டி, விடும்போது ஆழமாக விடுவதே சரி. காயப்போடுவது இங்கே பலிக்கும், அடியில் ஈரம் போட்டு வைத்திருப்பதால்.

இடைவெளி எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செடியைப் பிடுங்கிப் பார்ப்பதில் பயனில்லை, நுனிகள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஓரடி ஆழக் குழி எடுத்து, செடிப்பக்கச் சுவரைக் கத்தியால் மெல்லச் சீவ வேண்டும். வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது, நுனி வெள்ளையா பழுப்பா என்பது தெரியும். நுனிக்கு ஒரு விரற்கடை கீழேயிருந்து மண்ணை எடுத்துப் பிடித்தால், கரிசலோ செம்மண்ணோ உருண்டையாகி விரலுக்கிடையில் நாடாவாக நீள வேண்டும். மணலென்றால் உருண்டை பிடித்துக் கையில் ஈரத்தடம் விட்டால் போதும். உருண்டை உதிர்ந்தால் அன்றே தண்ணீர் விட வேண்டும், இலை பச்சையாக இருந்தாலும்.